பேர் சொல்லிக் கூப்பிட்ட நாள்

விவேக் நகர் பஸ்ஸில் என் முன் சீட்டில் இருந்தவள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் சொன்னாள்:

“எங்க வீட்டுக்காரர நேத்துதான்க்கா முதல் தடவையா பேர் சொல்லிக் கூப்பிட்டேன்.”

“அய்யய்யோ, ஏம்மா?”

“வண்டியில போய் தலையில அடிபட்டு மூணு மாசமாச்சு. முழிச்சுட்டுதான் இருக்காரு, நினைவு இருக்கான்னுதான் தெரியல. ஆராய்ச்சி பண்ற டாக்டரம்மா தலையில ஒயர் மாட்டி, பேர் சொல்லிக் கூப்பிடச் சொன்னாங்க. கம்ப்யூட்டர்ல ஓடுற கோட்டுல ஒரு மாத்தமும் இல்ல.”

“அப்புறம்?”

“வீட்ல எப்படிக் கூப்பிடுவீங்கன்னு கேட்டாங்க. ‘ஏங்க’ன்னேன். கோடு துள்ளுச்சுக்கா! ஆனா ஒரு தடவை பத்தாதாம். இன்னிக்கு நூறு தடவை கூப்பிடணுமாம்.”

“கூப்பிடேன்.”

“ரெண்டு தடவை கூப்பிட்டாலே கத்துவாரு.”

ஆஸ்பத்திரி ஸ்டாப் வந்தது. எழுந்தாள்.

“கத்தட்டும்க்கா.”