நான்கு தேய்ந்த ஸ்குரூக்கள்

தலை தேய்ந்த ஸ்குரூவைக் கழற்றுவதற்கு முன் ஒரு பிளேன்டீ குடிப்பது நல்லது. கோபத்தோடு கை வைத்தால் தலையில் மிச்சமிருக்கும் வெட்டும் போய்விடும். நோர்வூட் கடைவீதியில் இருபது வருடமாக ரேடியோவும் கைக்கடிகாரமும் திருத்துகிறேன். 'செல்லசாமி - எதையும் திறப்போம்' என்று பலகையில் நானே எழுதினேன். பெயிண்ட் மிஞ்சியதால் 'நம்பிக்கையான இடம்' என்றும் சேர்த்துக்கொண்டேன்.

தனுஷிகா, உன் அம்மா குவைத்திலிருந்து அனுப்பிய விளையாட்டுச் சாமானைப் பார்க்க வேண்டும் என்று வந்திருக்கிறாய். தருகிறேன். அதற்கு முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், உட்கார்.

1999 கடைசியில் உனக்கு ஆறு வயது. உன் அம்மா ராக்காயி வேலை செய்த வீட்டுப் பிள்ளைகள் வீசிய பழைய வீடியோ கேம் அது. இரண்டு திரை, மடக்கினால் சட்டைப்பைக்குள் போய்விடும். அங்கே வேலை முடிந்து ஊருக்குத் திரும்பிய வீரம்மாவிடம் அதைக் கொடுத்து, ஒரு சேதியும் சொல்லி அனுப்பியிருந்தாள். உன் அப்பா சோலைமலை கவ்வாத்துக் கத்தியின் முனையால் திறக்கப் பார்த்து, நான்கு ஸ்குரூவின் தலையையும் வழித்துவிட்டு என்னிடம் வந்தார். மலை முழுக்கத் தேயிலை வெட்டிய கத்திக்கு இது எம்மாத்திரம் என்று நினைத்திருப்பார்.

"அண்ணே, எப்படியாச்சும் தெறந்து குடுங்க. கட்டாயம் தெறந்து பாக்கச் சொல்லி மூணு தடவ சொல்லி விட்டிருக்காளாம்."

"ஏன், வேல செய்யலையா?"

"நல்லாத்தான் வெளையாடுது. ஏன் சொன்னான்னுதான் வெளங்கல."

எனக்கும் விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள முயலவும் இல்லை. என் கண்ணாடி அலுமாரியில் பழைய கேம்கள் நான்கு இருந்தன. ஐந்தாவது தானாக நடந்துவந்து மேசையில் உட்கார்ந்திருக்கிறது. நாற்பது வயது ஆளுக்குப் பொம்மை ஆசை என்றால் உனக்குச் சிரிப்பு வரலாம். நானே சிரித்திருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு உன்னையும் கூட்டிக்கொண்டு வந்தார். "துருப்புடிச்சு இறுகிப் போச்சு. இத யாராலயும் தெறக்க முடியாது" என்றேன். அதுவரை நான் ஸ்குரூவைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பழைய கேமுக்குப் பதிலாக உனக்குப் புதிது ஒன்று கொடுத்தேன், மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்குவோமே, அந்த விளையாட்டு. நீ துள்ளினாய். உன் அப்பா கும்பிட்டுவிட்டுப் போனார்.

நீங்கள் பஸ் ஏறியதும் வேலையைத் தொடங்கினேன். சைக்கிள் டியூப் துண்டை ஸ்குரூத் தலையில் வைத்து அழுத்தித் திருப்பியதில் மூன்று கழன்றன. நான்காவதில் ரம்பத்தால் புது வெட்டுப் போட்டு, சூடு காட்டி எடுத்தேன். அதைவிடச் சுத்தமான வேலையை நான் செய்ததில்லை. பாராட்ட ஆளில்லையே என்று வருத்தப்பட்டேன்.

உள்ளே, மருந்துப் பெட்டியோடு வரும் தாள் ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. பின்பக்கம் உன் அம்மாவின் எழுத்து. பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டார்களாம், அறையில் வைத்துப் பூட்டுகிறார்களாம், கையில் சுடுதண்ணீர் ஊற்றுகிறார்களாம். 'இந்த விலாசத்த கொழும்புல குடுத்து என்னைய கூப்புட்டுக்கங்க. நோன்புப் பெருநாளுக்கு மேல தாங்க மாட்டேன்.' விலாசம் தெளிவாக இருந்தது.

பெருநாளுக்கு ஏழு வாரம் இருந்தது. மறுநாளே தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உங்கள் தோட்டத்துக்கு வந்தேன். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் உன் அப்பா பத்துப் பேருக்கு என்னைக் காட்டி, "எம்புள்ளைக்குப் புதுச் சாமான் குடுத்த தங்கமான மனுசன்" என்றார். அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது, முடியாது என்றதை முடித்துவிட்டேன் என்று? மானம் கப்பலேறிவிடும். அவர்கள் தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் திரும்பினேன். அடுத்த வாரம் சொல்லலாம் என்றிருந்தேன், மழை. அதற்கடுத்த வாரம் எனக்குத் தடிமன், மூக்கு ஒழுகியது.

பெருநாள் முடிந்து பன்னிரண்டாம் நாள் பெட்டி வந்தது. மாடியிலிருந்து விழுந்தாள் என்று காகிதத்தில் எழுதியிருந்தார்கள். கடையை மூடிவிட்டு வந்தேன். உங்கள் லயத்து வீட்டில் வெளிச்சம் போதவில்லை என்று என் வயரையும் பல்பையும் கொண்டுவந்து மாட்டினேன். "ஒரு வார்த்த சொல்லாம போயிட்டாளே அண்ணே" என்று உன் அப்பா என் தோளில் சாய்ந்து அழுதார். முதுகைத் தடவிக் கொடுத்தேன். நானும் அழுதேன், நடிப்பில்லை.

உன் அம்மாவை நான் தள்ளவில்லை. ஆனால் அவளைக் கூட்டிவந்திருக்கலாம். அந்த ஏழு வாரமும் அவள் உயிர் என் சட்டைப்பையில்தான் இருந்தது. உன் அப்பாவுக்கு இன்றுவரை இது தெரியாது.

இந்தா கேம். கடிதம் உள்ளேதான் இருக்கிறது, எரிக்க மனம் வரவில்லை. செத்த வீடு முடிந்த மறுவாரம் நல்ல ஸ்குரூ நான்கு போட்டு மூடி, ஒவ்வொன்றின் தலையையும் நானே வழித்து, மேலே பசையும் விட்டேன். யாராலும் திறக்க முடியாது என்று உன் அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன் அல்லவா, அதையாவது பொய்யாக விடவில்லை.