வயதின் மேல் பழி போடாதவர்

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, துறைத் தலைவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்த பேராசிரியையின் மகளே, ஆய்வுக்குத் தங்கள் தசையையே தந்த பெரியோர்களே! அனைவருக்கும் வணக்கம்.

பேராசிரியை, தசை ஆய்வுக்கூடத்தின் தலைவி, நம் எல்லோருக்கும் ஊசியக்கா! அவருக்கு அஞ்சலி செலுத்த நிற்கிறேன். மன்னியுங்கள், அழுகையை விட ஆத்திரம்தான் எனக்கு முந்திக்கொண்டு வருகிறது.

முதியவர்களின் தொடையில் ஊசி விட்டு அரிசியளவு தசை எடுப்பார் அக்கா. அதிலுள்ள மைட்டோகாண்ட்ரியாவை ஆராய்வார். நாம் உண்பதைத் தசைக்கு ஆற்றலாக்கித் தருபவை அவை. வயதானால் அவை தளரும். "அதுக்காக முழுப் பழியையும் வயசு மேல போடாதீங்க. உக்காந்தே கெடுத்தது எவ்வளவுன்னு பாருங்க" என்பார்.

எழுபத்துநான்கு வயது லாரி ஓட்டுநர் ஒருவர் ஊசியைப் பார்த்ததும் பின்வாங்கினார். அக்கா என்ன செய்தார் தெரியுமா? அவர் கண்முன்னே தன் தொடையிலிருந்து முதலில் எடுக்க வைத்தார்! "நான் கத்தல. நீங்களும் கத்தக் கூடாது." பெரியவர் பன்னிரண்டு வாரம் சைக்கிள் மிதித்தார். மறுபடி எடுத்த தசையில் மைட்டோகாண்ட்ரியா கூடியிருந்தது. "அப்ப நான் கிழவன் இல்ல, சோம்பேறி!" என்றார். ஆய்வுக்கூடமே சிரித்தது.

இதை வைத்து அக்கா கேட்டது என்ன? நம் மருத்துவமனையின் முதியோர் வார்டில் நோயாளிகளைத் தினமும் நடக்க வைக்க இரண்டே இரண்டு ஆட்கள். ஆறு வருடம்! பதினோரு கடிதம்! பதினோரு முறையும் நிர்வாகத்தின் பதில், "பரிசீலனையில் உள்ளது"!

கடைசியில் நிமோனியாவோடு அதே வார்டுக்கு அக்காவே வந்தார். காய்ச்சல் விட்டதும், "தம்பி, கதவு வரைக்கும் நடக்கிறேன்ப்பா, விடு" என்றார்.

"விழுந்துட்டா யாரு பொறுப்பு அக்கா? பேசாம படுங்க."

சொன்னது யார்? நான்! அவரோடு பத்து வருடம் ஆய்வு செய்த நான்! மூன்று வாரம் படுக்கை. கால்கள் சூம்பின. இருமக்கூட வலுவில்லை. காய்ச்சல் திரும்பியது. அக்கா எழவே இல்லை.

நடந்திருந்தால் பிழைத்திருப்பாரா? தெரியாது. தெரிந்துகொள்ள நான் விடவில்லையே!

இயக்குநர் அவர்களே, அக்கா பெயரில் ஓர் அரங்கு திறப்போம் என்றீர்கள். பெயர்ப்பலகை யாரைக் கைப்பிடித்து நடத்தும்? நாளைக் காலை எட்டு மணிக்கு நான் வார்டில் இருப்பேன். நடக்க முடிந்த ஒவ்வொருவரையும் எழுப்புவேன். பதினெட்டுக் கட்டில்கள், எனக்கு இருப்பதோ இரண்டு கைகள். யார் யார் வருகிறீர்கள்? மௌன அஞ்சலி பிறகு இருக்கட்டும். இப்போது கையை உயர்த்துங்கள்!