ஆவன்னாவின் சுழி

தம்பி: நீ உள்ள போறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும்க்கா…

அக்கா: உள்ள போயிட்டும் வந்துட்டேன். இப்ப சொல்லு.

தம்பி: பத்து நிமிஷத்துல இன்டர்வியூ முடிஞ்சிடுச்சா? இது பல்கலைக்கழகமா, பல்லு பிடுங்கற இடமா?

அக்கா: நகர்ந்து உக்காரு. செருப்பு கடிக்குது.

தம்பி: மண்புழுவைப் பத்திக் கேட்டாங்களா?

அக்கா: ஒன்பது வருஷமா மண்புழுவை ஆராய்ச்சி பண்றவகிட்ட அதைத் தவிர எல்லாம் கேட்டாங்க. மூணு நாள் லீவு எழுதிக் குடுத்தவர் அஞ்சு நாள் வரலைன்னா என்ன செய்வீங்கன்னாங்க.

தம்பி: ஐயோ…

அக்கா: எதுக்குடா ஐயோ?

தம்பி: விண்ணப்பத்தை எழுதினது நான்தானே…

அக்கா: ஆமா. என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்குன்னு நீதான் பிடுங்கி எழுதின.

தம்பி: அதுல ஒரு கட்டம். ஆராய்ச்சி உதவியாளர் வேலைன்னா ஆவன்னா போடணும். அலுவலக உதவியாளர்னா ஆனா. நான் ஆவன்னாதான் போட்டேன். ஆனா…

அக்கா: இந்த 'ஆனா' எழுத்தா, இழுவையா?

தம்பி: ரெண்டும்தான்! காலையில வாசல்ல பட்டியல் ஒட்டியிருந்தாங்க. உன் பேருக்கு நேரா ஆனா. சுழியைக் காணோம். அப்பலேர்ந்து உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியாம உக்காந்திருக்கேன்.

அக்கா: அதான் டீ கூட வேண்டாம்னியா!

தம்பி: அடிக்கணும்னா அடிச்சிடு. இப்படிச் சிரிக்காத, பயமா இருக்கு.

அக்கா: நான் என்ன பதில் சொன்னேன்னு கேளேன்.

தம்பி: …என்ன சொன்ன?

அக்கா: வந்த அன்னைக்கே மீதி ரெண்டு நாளுக்கும் எழுதி வாங்கிடுவேன். துறைத் தலைவர் சீட்டுல இல்லைன்னா, எங்க இருக்காரோ அங்க போய்க் கையெழுத்தும் வாங்கிடுவேன்னேன். முன் அனுபவம் உண்டான்னாங்க. ஒன்பது வருஷமா என் பேராசிரியரைத் துரத்திட்டு இருக்கேன்னேன்.

தம்பி: அதுக்கு?

அக்கா: மூணு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. திங்கக்கிழமை வந்து சேரச் சொல்லிட்டாங்க. நிரந்தர வேலை.

தம்பி: யப்பா… போன உசிரு திரும்பி வந்துச்சு! உனக்கு வருத்தம் இல்லையே?

அக்கா: அஞ்சு மணிக்கு அலமாரியைப் பூட்டிட்டு வீட்டுக்குப் போயிடலாமாம். இனிமே கனவுல புழு நெளியாது.

தம்பி: அப்பாவுக்கு யாரு பதில் சொல்றது? என் பொண்ணு விஞ்ஞானின்னு தெருவெல்லாம் சொல்லி வெச்சிருக்காரே.

அக்கா: தம்பி சுழியை முழுங்கிட்டான்னு சொல்லிடலாம்.

தம்பி: சரி, தப்பு என்னுதுதான். திட்டை நானே வாங்கிக்கறேன். ஆனா… இது இழுவை… நான் அழகா சுழிச்சது கண்ணுலயே நிக்குதுக்கா.

அக்கா: நீ அழகாத்தான்டா சுழிச்சிருந்த. தபால்ல போடறதுக்கு முன்னாடி அதை பிளேடால சுரண்டறதுக்குள்ள எனக்கு உசிரே போயிடுச்சு.