பட்டாசு வேனில் தண்ணீர் நின்றபோது

பெயர் கருத்தப்பாண்டி, வயது 31, தகப்பனார் ஒச்சப்பன், இராமநாதபுரம் ஜில்லா காரியாபட்டி பக்கம் விவசாயக் குடும்பம். தற்சமயம் சிவகாசிப் பட்டாசுக் கம்பெனி ஒன்றின் வேனில் ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிக்கிறேன். வேனை ஓட்டுவது என் கூடப்பிறந்த அண்ணன் கோட்டைச்சாமி, கிளீனர் சம்சு. சீசனில் மூவருக்கும் சாப்பாடு, தூக்கம், குளியல் எல்லாம் வேனில்தான்.

நிலம் பாகம் பிரித்ததிலிருந்து எனக்கும் அண்ணனுக்கும் பேச்சு இல்லை. எதுவானாலும் பக்கத்தில் நின்றுகொண்டே சம்சுவிடம் சொல்வோம். "சம்சு, அவன சாப்பிடச் சொல்லு" என்பான் அண்ணன். "பசிக்கலையாம்னு சொல்லு" என்பேன்.

1964-ம் வருஷம் அக்டோபர் மாதம் சூலக்கரைப் பொட்டலில் வேன் நின்றபோது, காலையில் சம்சு கடைக்குப் போய்விட்டான். அதன் பிறகு நான் வேன் ஓரமாக நின்று குளித்தேன். வேன் கூரைமேல் உள்ள டிரம்மிலிருந்து ரப்பர் குழாயில் தண்ணீர் வரும். தலைக்குச் சோப்புப் போட்டிருக்கையில் தண்ணீர் நின்றது. முந்தின நாள் அண்ணன் வேண்டுமென்றே குழாயை மடக்கிப் பிடித்து என்னை நுரையோடு நிற்கவிட்டவன். கண் எரிய எரியப் பின்பக்கம் போனேன். அவன் கூரைக்கு ஏறும் ஏணியில் நின்று இரண்டு கையாலும் குழாயைப் பிடித்திருந்தான். "யார்லே தண்ணிய நிப்பாட்டுனது?" என்று கத்தினேன். அவன் பதில் சொல்லவில்லை. சொல்லிவிடச் சம்சு இல்லை, அதனால்தான். நான் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு டயர் கழற்றும் இரும்பு லீவரை எடுத்து இடுப்பில் அடித்தேன், கீழே விழுந்தவனை மண்டையில் அடித்தேன். எலும்பு உடைந்த சத்தம் கேட்டது. கேட்ட பிறகும் அடித்தேன். வெறிதான், மறைக்கவில்லை.

அதன் பிறகு குழாயிலிருந்து தண்ணீர் கொட்டி இரத்தத்தோடு என் காலில் ஓடியது. அப்போதுதான் பார்த்தேன். வெயிலில் இளகிய குழாய் கூரை விளிம்பில் தானாக மடிந்திருக்கிறது. அவன் மடிப்பை நீவிவிட்டு, இனி மடியாதபடி அந்த இடத்தில் கம்பியைச் சுருளாகச் சுற்றியிருக்கிறான். கம்பியின் மிச்சம் அவன் விரலில் சுற்றிக் கிடந்தது.

தலையை என் மடியில் எடுத்து வைத்தேன். அவன் கண்ணைத் திறந்து, என்னைப் பார்த்து, என்னிடமே சொன்னான்: "கண்ணு எரியும்லே. முதல்ல மூஞ்சியக் கழுவு."

ஆஸ்பத்திரி போகும் வழியில் இறந்துபோனான். நான் முகம் கழுவவில்லை.

இதை யாரும் அடித்தோ மிரட்டியோ சொல்ல வைக்கவில்லை. எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) ஒ. கருத்தப்பாண்டி