பேக்கு காயற வரைக்கும்

வந்துட்டேன் கண்ணு, வந்துட்டேன். பன்னீரு தீந்துபோச்சுன்னு பக்கத்துக் கடைக்குப் போனேன், அங்க ஒரே கூட்டம், அதான் இத்தன நேரம் ஆயிப்போச்சு. நீ எந்திரிக்காத, அப்புடியே உக்காந்துக்கோ. துண்ட அவுக்காத, தல ஈரமா இருக்குது. முடியப் பொறவு பாத்துக்கலாம், மொதல்ல மொகத்த முடிச்சர்றேன்.

வெட்ட மாட்டேன்னு எங்க சொன்னேன்? வெட்டித்தான் உடப் போறேன். சித்த காயட்டும். மத்தவங்களுக்கு ஈரத்தோடதான் வெட்டறேன், இல்லீங்கல. ஆனா உன்ற முடி இடுப்புக்குக் கீழ கெடக்குது, அத வெசயா வெட்டிப்போட்டு அப்பறம் ஒட்ட வெக்க முடியுமா? அதுவுமில்லாம இன்னிக்கு வெள்ளிக்கெழம வேற. சரி சரி, மொறைக்காத. சாஞ்சுக்கோ.

மொகத்துக்குப் போடற பேக்கு இது, முல்தானி மட்டி, பயத்தமாவு, ஒரு கரண்டி தயிரு. நல்லா குளுகுளுன்னு இருக்கும். ஒண்ணே ஒண்ணு, இது காயற வரைக்கும் வாயத் தொறக்கப்படாது. பேசுனாலும் சிரிச்சாலும் பேக்கு வெடிச்சுப் போயிரும், பொறவு பண்ணுனதுக்குப் பலனில்ல. ஆமான்னா கையத் தூக்கு, இல்லைன்னா ஆட்டு. கண்ணு மேல இந்தப் பன்னீர்ப் பஞ்ச வெச்சர்றேன். அவ்வளவுதான். பொழுது போகலன்னு நெனைக்காத, நான் வாய மூடற ஆளா? பேசிட்டேதான் இருப்பேன்.

நீ சொன்னதையேதான் கண்ணு மனசுல ஓட்டிட்டு இருக்கறேன். நாளைக்குக் காலைல கொச்சில ரிஜிஸ்தர் கல்யாணம். முடிச்ச கையோட படகுல குடித்தனம். பாய் கட்டுன படகு, அதுக்குள்ளயே அடுப்பு, அதுக்குள்ளயே கட்டலு. நீ சொல்லச் சொல்ல நான் வாயில ஈ போறது தெரியாம கேட்டுட்டு இருந்தேன். கிணத்துக்கடவுல தோப்புக்குள்ள பொறந்து வளந்த புள்ள, தண்ணின்னா தொட்டியும் கெணறும்தான் பாத்தவ. ஊட்டுல என்னடான்னா ஞாயித்துக்கெழம காங்கேயத்துல இருந்து ரெண்டாந்தாரமாக் கட்டிக்க ஒருத்தரு பொண்ணு பாக்க வர்றாரு, மூஞ்சியப் பளிச்சுனு பண்ணிட்டு வான்னு உன்னைய டவுனுக்கு என்கிட்டத் தாட்டி உட்டுருக்கறாங்க. நீ என்னடான்னா பையத் தூக்கிட்டு வந்து, பங்காரு அக்கா, முடியத் தோளுக்கு மேல வெட்டி உடுங்க, கடல்ல எப்புடிக் குளிக்கறது, எப்புடி இருந்துக்கறதுன்னு சொல்லிக் குடுங்கன்னு கேக்கற. நான் என்ன கடலக் கண்டவளா?

உன்னையக் கட்டிக்கப் போற அந்தக் கிருபாசங்கரு நல்ல மாதிரியா? கையத் தூக்கறதப் பாரு, கேட்டு முடிக்கறதுக்குள்ள. சத்தியமங்கலத்துக்காரரு, பவானி ஆத்துல நீச்சப் பழகி நேவிக்குப் போனவருன்ன. உன்ற பள்ளிக்கோடத்துக்கு என்சிசி சொல்லித்தர வந்தவரு, டீச்சரம்மாளையும் சேத்துக் கூட்டிட்டுப் போறாரு. சிரிக்காத, சிரிக்காத. இந்தா, வாயோரத்துல வெடிச்சுப் போச்சு. இன்னொரு கை பூசிர்றேன்.

அவரு உங்க சனமில்லைன்னு தெரிஞ்சா உங்க அண்ணன் லட்சுமணசாமி உடுவாரான்னு நானும் ரோசிச்சேன். அது உங்க ஊட்டு நாயம், நான் என்ன சொல்றது. ஆனா ஒண்ணு கண்ணு, எத்தன தடவ இதே சேருல உன்னைய உக்கார வெச்சு ஜோடிச்சு அனுப்பியிருப்பேன். பொள்ளாச்சிக்காரங்க வந்தாங்க, தாராபுரத்துக்காரங்க வந்தாங்க. பஜ்ஜியும் காப்பியும் சாப்புட்டுப்போட்டு செவ்வாய் தோசம்னாங்க. ஒருத்தி நெறம் கம்மின்னு சொன்னான்னு உங்க அம்மா சொல்லக் கேட்டு, நான் எச்சாப் ப்ளீச்சப் போட்டு உன்ற கன்னத்தச் சுட்டு உட்டேன். நீ அழுகவும் இல்ல, ஏன்க்கா இப்புடிப் பண்ணுனீங்கன்னு கேக்கவும் இல்ல. பவுடரப் போட்டு மறைச்சுக்கிட்டுப் போயி அவங்க முன்னால நின்ன. எனக்கு அன்னிக்கே பொக்குனு போச்சு.

சரி, நீ கேட்டதச் சொல்லிர்றேன். படகுல டேங்குத் தண்ணி குடிக்கறதுக்கும் சோறாக்கறதுக்குந்தான்னு சொன்னீல்ல. அதுக்கென்ன, வெயிலு காலத்துல ஒரு கொடம் தண்ணில ஊடு மொத்தமும் குளிச்சுப்போட்டு வாசலும் தெளிச்ச ஊரு நம்முளுது. உப்புத் தண்ணில ஊத்திக்கோ, கடைசில ஒரே ஒரு சொம்பு நல்ல தண்ணிய உச்சந்தலைல இருந்து பையப் பைய உடு. சோப்ப நம்பாத. போர்த் தண்ணில சோப்பு நொரைக்காதல்ல, அதே கததான். ஷாம்புன்னா நொரைக்கும், அதையே மேலுக்கும் தேச்சுக்கோ. உப்ப ஒடம்புல காய உட்டயோ, அக்குள்லயும் தொடையிலயும் புண்ணாயிரும். மழ வந்தா மத்த சோலியெல்லாம் உட்டுப்போட்டுத் தலையக் காட்டு.

தண்ணில எறங்கறதுக்கு முன்னால தேங்கெண்ணெய முடி நெறையத் தேச்சுக்கோ, உப்பு உள்ள எறங்காது. ஈரத்தோட சடை பின்னாத, நாத்தமெடுக்கும், பேனு வெக்கும். ஜிமிக்கி வேண்டாம், பாய்க் கவுத்துல மாட்டுனா காது கிழிஞ்சுரும், கல்லுத் தோடு போதும். மெட்டியும் அப்புடித்தான், படகுல இருக்கறப்போ கழட்டி டப்பாவுல வெச்சுரு, யாரு வந்து பாக்கப் போறாங்க. தாலிய சட்டைக்கு உள்ள போட்டு ஊக்குக் குத்திக்கோ. சேலையெல்லாம் ஆகாது, சுடிதாருதான். மாசாமாசம் வர்ற அந்த மூணு நாளைக்குத் துணி வெச்சுக்கலாம்னு நெனைக்காத, கடல்காத்துல எதுவும் முழுசாக் காயாது. பேடு பாக்கெட்டு வாங்கி பிஸ்கட்டு டப்பாவுல போட்டு மூடி வெச்சுக்கோ. அவருகிட்டச் சொல்ல வெக்கப்படாத, அத்தன சின்ன எடத்துல யாருக்கு யாரு மறைக்கறது.

புருவத்துக்கு இந்தா, நூல்கண்டு தாரேன். ஒரு முனையப் பல்லுல கடிச்சுக்கோ, இன்னொண்ணக் கைல சுத்திக்கோ. கண்ணாடிய முழங்காலுல வெச்சுக்கோ. படகு ஆடறப்போ பிளேடு மட்டும் எடுத்துராத. மொதல்ல கோணல்மாணலாத்தான் வரும், வந்தா என்ன, மீனா வந்து கொற சொல்லப் போகுது.

இல்ல கண்ணு, ஜன்னலுக்கிட்டப் போயி நின்னேன், அவ்வளவுதான். காத்தே இல்ல பாரு. ரோட்டுல என்னமோ காரு சத்தம் கேட்டுச்சு, அது நம்முளுக்கில்ல.

காஞ்சுருச்சான்னு கேக்கறயா? இன்னும் இல்ல. நடுவுல ஈரமாத்தான் இருக்குது. இந்தக் கழுத்துக்கும் சேத்து இன்னொருக்கா பூசிர்றேன். எந்திரிச்சு என்ன பண்ணப் போற, பஸ்ஸு பொழுது சாஞ்சுதான்ன. பேசாம படுத்துக்கோ.

ஏங்கண்ணு, கைய ஏன் புடிக்கற? வேண்டாம், கையெல்லாம் மாவு. எனக்கெதுக்கு நன்றி? நான் ஒண்ணும் பண்ணல. உடு கண்ணு கைய. உன்னையப் பெத்தவகிட்டக் கேக்க முடியாததையெல்லாம் என்கிட்டக் கேட்ட, அதுக்கு நாலு வார்த்த சொன்னேன், அவ்வளவுதான. கைய உடு, எனக்கு என்னமோ மாதிரி இருக்குது.

சித்த இரு. பின்னால அடுப்புல வாக்ஸ் வெச்சது தீயுற வாசம் வருது. பாத்துப்போட்டு வந்தர்றேன். பஞ்ச எடுத்துராத.

வந்துட்டேன். அடுப்பு அணைஞ்சுதான் இருக்குது. கதவ எதுக்குத் தாப்பாப் போடறேன்னா, வெள்ளிக்கெழம ஆளுக சும்மா சும்மா வந்து தட்டுவாங்க.

இப்ப ஒண்ணு சொல்றேன் கண்ணு. பஞ்ச எடுக்காம கேளு, உன்ற கண்ணப் பாத்துட்டு எனக்குச் சொல்ல வராது. பன்னீரு தீரல. அலமாரில ரெண்டு பாட்டலு இருக்குது. நான் போனது பக்கத்து எஸ்டிடி பூத்துக்கு. உங்க ஊட்டுக்குப் போன் போட்டேன்.

எந்திரிக்காத. முழுசாக் கேட்டுப்போடு, அதுக்கு மட்டும் நேரம் இருக்குது. போட்டுக் குடுக்கணும்னு போகல, சாமி சத்தியமா. கல்யாணமாகாத புள்ளைக்கு இத்தன நீளமான முடிய, ஊட்டுல ஒரு வார்த்த கேக்காம நான் இதுவரைக்கும் வெட்டுனதில்ல. மத்த கடையில அப்புடி வெட்டிப்போட்டு, எத்தன அம்மாக்காரிக அங்க வாசல்ல வந்து கத்தியிருக்கறாங்க. அந்தப் பழக்கத்துல போயிட்டேன். உங்க அம்மாதான் எடுத்தாங்க. அவங்ககிட்ட முடிய மட்டுந்தான் கேட்டேன். அவங்க பதில் சொன்ன கையோட உங்க அண்ணன் போன வாங்கிட்டாரு. பொண்ணு பாக்க வர்ற நேரத்துல எதுக்குங்க முடிய வெட்டணும்னு கேட்டாரு. நான் அதுக்கு ஏதோ ஒரு பொய்யச் சொல்லியிருக்கலாம். படகுல போறாளாமுங்க, கொச்சிக்குன்னு சொல்லிப்போட்டேன். என்ற வாயில கொள்ளிய வெக்க.

அவரு ஒரு வார்த்த சத்தமாப் பேசல. ஏனுங்க அக்கா, முடில கைய வெச்சராதீங்க, சித்த உக்கார வெச்சுருங்க, நான் வந்தர்றனுங்கன்னாரு. அத்தன மருவாதியாச் சொன்னாரு. நானும் சரிங்கன்னுட்டேன். ஏன்னு கேளு. உங்க சனத்துல பாதிக் கல்யாணத்துக்குப் பொண்ணு ஜோடிக்கறது நாந்தான். உங்க அண்ணன் ஒரு சொல்லுச் சொன்னா நாளைக்கு ஒருத்தியும் இந்தப் படி ஏற மாட்டா. என்ற பொழப்பப் பாத்தேன் கண்ணு. வந்து உன்ற மூஞ்சில மாவப் பூசிப் பேசாதன்னு சொல்லிப்போட்டேன். இந்தப் பேக்குக் காயக் காமணி நேரமே எச்சு. நான் மேல மேல பூசிட்டே இருந்தேன்.

பஞ்ச எடுத்துட்டயா. எடு, எடு. அப்புடிப் பாக்காத, பாத்தாலும் பரவால்ல. இந்தா ஈரத்துண்டு, போற வழில தொடச்சுக்கோ. பின்னால சந்துல பாலுசாமி ஆட்டோவ ஆப் பண்ணாம நிக்கறான், இப்பத்தான் சொல்லிப்போட்டு வந்தேன். என்ற தங்கச்சி மகன், யாருகிட்டயும் மூச்சு உட மாட்டான். உக்கடத்துப் பக்கம் மட்டும் போயிராத, உங்க அண்ணன் அந்த வழியாத்தான் வருவாரு. பேரூரு போயி, சுண்டக்காமுத்தூரு சுத்தி மதுக்கரைல எறக்கி உடுவான். பாலக்காட்டு பஸ்ஸு எல்லாம் அங்க நிக்கும். பொழுதோட போறத இப்பவே போயிரு. முன்கதவத் தட்டுனா நான் பாத்துக்கறேன். மூஞ்சில மாவு காயுதுங்க, பொம்பளைங்க இருக்கற எடமுங்கன்னு சொல்லி வாசல்லயே நிறுத்தி வெக்கறேன். எத்தன நேரம் நிக்கறாரோ நிக்கட்டும்.

முடியா? வெட்ட நேரமில்ல கண்ணு. நேரமிருந்தாலும் இந்தக் கையால வெட்டறதுக்கு எனக்கு யோக்கியத இல்ல. என்ற கத்திரிய உன்ற பையில போட்டுட்டேன், நூல்கண்டோட இருக்குது.

பேசேன் கண்ணு. பேக்கு வெடிச்சா வெடிக்கட்டும், இப்பப் பேசு. நாசமாப் போன்னாவது ஒரு வார்த்த சொல்லிப்போட்டுப் போ, நான் கேட்டுக்கறேன்.

என்ன?

உங்க அம்மா என்ன சொன்னாங்கன்னா கேக்கற? ம். அவங்க எதுக்கு, ஏதுன்னு ஒண்ணுமே கேக்கல. உங்க மக முடியத் தோளுக்கு மேல வெட்டச் சொல்றாளுங்கன்னேன். அப்பறம் சொன்னாங்க. இன்னிக்கு வெள்ளிக்கெழமங்க அக்கா, இன்னிக்கு வேண்டாம், நாளைக்கு வெட்டிக்கட்டும்னாங்க.

நட கண்ணு, ஆட்டோ நிக்குது. நாளைக்கு வெட்டிக்கோ.