73939133-இன் வால்

நெய்வேலி மைன்ஸில் மலையையே வாளி வாளியாக அள்ளும் இயந்திரம் உண்டு. அதனாலும் அசைக்க முடியாதபடி ஓர் ஆளை மூன்று வருடம் ஒரே ஓர் எண்ணால் கட்டிப்போட்டவன் நான்.

அய்யாசாமியின் மகள் சண்முகப்பிரியா இதை நம்பவில்லை. அப்பாவின் காரியம் முடிந்து, வடலூரில் அவன் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்ய வந்திருந்தாள்.

"சும்மா அளக்காதீங்க மாமா. அம்மாவைப் பிடிக்காமத்தான் அப்பா வரலை. கணக்குக்காக யாராவது பொண்டாட்டியை விட்டுட்டு இருப்பாங்களா?"

இருப்பான். அந்த எண் 73939133. ஒன்றையும் தன்னையும் தவிர எதனாலும் வகுபடாத பகா எண். கடைசி இலக்கத்தை வெட்டினால் மிச்சமும் பகா எண். மறுபடி வெட்டினால் அதுவும். 7 மட்டும் மிஞ்சும்வரை அப்படியே. இந்த வகையில் உலகத்திலேயே பெரியது இதுதான்; வாலில் இனி எந்த இலக்கத்தைச் சேர்த்தாலும் பகா எண் ஆகாது. எனக்கு அது தெரியும், அய்யாசாமிக்குத் தெரியாது.

ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு அவரவர் ஊருக்குப் போய்விடுவார்கள். உடம்பு முடியாத அவன் மனைவி இசக்கியம்மாள் முன்னாடியே பாளையங்கோட்டைக்கு, மகள் வீட்டுக்குப் போய்விட்டார். இவனும் ஒரு மாதத்தில் கிளம்ப வேண்டியது. அந்த எண்ணின் வாலில் ஒரு 3 சேர்த்தாலும் பகா எண்தான், நிரூபித்தால் உன் பெயர் நிற்கும் என்றேன். கால்குலேட்டரைத் தொட்டால் செல்லாது என்றும் சொன்னேன். கையால் ஏறக்குறைய மூவாயிரம் வகுத்தல். வடலூரில் வீடு பிடித்தான்.

பதினைந்தாம் நாளே நோட்டோடு வந்தான்.

"127-ல மீதி இல்லாம போயிடுச்சுப்பா. தோத்துட்டேன். இந்த வாரமே பஸ் ஏறுறேன். அவ தனியாக் கிடக்கா."

சர்வே பிரிவில் முப்பது வருடம் அவன் கணக்குப் போடுவான், நான் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவேன். நான் பார்த்ததை அவன் மறுபடி பார்த்ததே கிடையாது. அவன் வகுத்தது சரிதான். அதன் கீழே சிவப்பு மையில் 'தவறு. மேலே தொடரவும்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

"அடச்சே, அவசரப்பட்டுட்டேன்" என்று சிரித்தான். நான் டீ சொன்னேன்.

இசக்கியம்மாள் போனில் கூப்பிடும்போதெல்லாம் "இன்னும் கொஞ்சம்தான்" என்பான். இரண்டாம் வருடம் அவர் இறந்தபோது, மறுநாள்தான் போய்ச் சேர்ந்தான். மகள் முகத்தைப் பார்க்கக் கூசித் திரும்பி வந்தவன், நோட்டையும் தொடவில்லை, ஊருக்கும் போகவில்லை.

ஆமாம், நான்தான் செய்தேன். சாயங்காலம் எதிரே உட்கார எனக்கு ஓர் ஆள் வேண்டும். அவனையும் போரடிக்காமல் பார்த்துக்கொண்டேன். இதில் வருத்தப்பட எனக்கு ஒன்றுமில்லை. இன்றைக்கு அவன் நோட்டோடு வந்தாலும் அதையேதான் எழுதுவேன்.

நான் சொல்லி முடித்ததும் சண்முகப்பிரியா அப்பாவின் நோட்டில் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தாள். 127-ஐ, அதில் ஈவாக எழுதியிருந்த 5821979-ஆல் செல்போனில் பெருக்கினாள். இரண்டு தடவையும் 739391333 வந்தது.

"அப்பா போட்டது சரி" என்றாள். "நம்புறேன் மாமா. அவர் அம்மாகிட்ட வரத்தான் கிளம்பியிருக்காரு. நீங்கதான் விடலை."