பட்டன் கலர்

அதிகம் படிக்காதவன் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பல்லடம் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் பனியன் கம்பெனி ஆபீஸ் பெண்கள் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள். மூத்தவர் மடியில் ஒரு நோட்டு இருந்தது.

"கம்ப்யூட்டர்ல நாம நிரப்பற ஒவ்வொரு கட்டத்துக்கும் இந்த நோட்டுல அர்த்தம் எழுதி முடிச்சா என்னை வேலைய விட்டு நிறுத்திருவாங்க, கண்ணு."

"அப்புறம் ஏனுங்க அக்கா எழுதறீங்க?"

"எழுதாட்டி இன்னிக்கே நிறுத்திருவாங்க. ஒரு கட்டத்தை மட்டும் எழுதாம வெச்சிருக்கறேன். பேரு 'பட்டன் கலர்'. நம்ம பனியனுக்கு ஏது பட்டன்? சும்மா கெடக்குதேன்னு அதுல, துணிக்கு ஒவ்வொரு தடவை சாயம் போடறப்பவும் தர்ற லாட் நம்பரைப் போட்டுட்டு வர்றேன். அது எனக்கு மட்டுந்தான் தெரியும்."

"இப்ப எனக்கும் தெரிஞ்சிருச்சுங்களே."

இருவரும் சிரித்தார்கள். மூத்தவர்தான் முதலில் நிறுத்தினார்.

மறுநாள் இளையவர் மட்டும் வந்தார். நோட்டு அவர் மடியில் இருந்தது.